திருப்பலியின் செபங்களும் சடங்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்து வருகிறேன். புதுநன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை அப்பம், வாங்கப்போகும் பிள்ளைகள் கைதூக்கிக் கேட்கும் கேள்விகளைத்தான், பேரன் பேத்தி எடுத்தவர்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். "இத்தனை வருடம் பூசைக்குப் போகிறேன், இதுகூடத் தெரியவில்லையே" என்று கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, யாரும் சொல்லித் தராததுதான் குறை. கேட்டவர்களின் கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் நடக்கும் இலத்தீன் வழிபாட்டு முறைத் திருப்பலியைப் பற்றியவை.

பூசை என்று பாட்டி சொல்கிறார், திருப்பலி என்று சாமியார் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். பூசை என்பது பழைய வழக்கு. திருப்பலி என்ற சொல்லில் இது கிறிஸ்துவின் சிலுவைப் பலி என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. மேல்நாட்டு மொழிகளில் வழங்கும் பெயர் இலத்தீனிலுள்ள 'மிசா' என்ற சொல்லிலிருந்து வந்தது. வழிபாட்டின் கடைசியில் மக்களை அனுப்பிவைக்கும் வாக்கியத்தில் வரும் சொல் அது. வழியனுப்பும் சொல்லே முழு வழிபாட்டுக்கும் பெயராகிவிட்டது.

கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடுகிறோம். கையைக் கழுவுவது மாதிரி இதுவும் ஒரு சுத்தமா?

அது உங்கள் திருமுழுக்கின் நினைவு. குழந்தையாக இருந்தபோது உங்கள் தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுத்தார்கள். அதே தண்ணீர், அதே பெயர். வாசலைத் தாண்டும்போது "நான் இந்த வீட்டுப் பிள்ளை" என்று உடம்பால் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறீர்கள்.

அதனால் ஈ ஓட்டுவதுபோல அவசரமாகப் போட வேண்டாம். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று கை போகட்டும். சிலுவை உங்கள் மீது முழுதாக விழட்டும்.

வாரா வாரம் அதே செபங்கள். வாய் சொல்கிறது, மனம் எங்கோ போய்விடுகிறது. இது பாசாங்கு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை, நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் அம்மா தினமும் "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்கிறார். நாற்பது வருடமாக அதே சொல். அதில் பாசம் தேய்ந்துவிட்டதா? அவர் கேட்காத ஒரு நாள் வந்தால்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லிச் செபித்தார் என்று மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. துக்கம் மிகுந்த நேரத்தில் அவர் புதிய சொற்களைத் தேடவில்லை.

இன்னொன்றும் உண்டு. மனம் வறண்டு கிடக்கும் நாளில் சொந்தமாகச் செபம் சொல்ல வராது. அன்றைக்குத் திருச்சபையின் சொற்கள் நம்மைத் தாங்கிக்கொள்கின்றன. மனம் அலைந்தால் பதற வேண்டாம். ஒரு ஞாயிறுக்கு ஒரு வரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். "இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்ற வரியை மட்டும் ஒரு வாரம் பிடித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இதுதான், பெரியவர்களுக்கும் பலன் தருகிறது.

சந்தோஷமாகக் கோயிலுக்கு வருகிறோம். வந்தவுடனே "நான் பாவி" என்று ஏன் மார்பில் தட்டிக்கொள்ள வேண்டும்?

திருப்பலியில் மக்கள் சொல்லும் செபங்களில் பெரும்பாலானவை 'நாங்கள்', 'எங்கள்' என்றே போகும். பாவ அறிக்கை 'நான்' என்று சொல்ல வைக்கிறது. கணவன் பாவமோ மருமகள் பாவமோ அல்ல, என் பாவம். லூக்கா 18-இல் வரும் வரிதண்டுபவர் கோயிலில் தொலைவில் நின்று மார்பில் அடித்துக்கொண்டார் அல்லவா, அதே கை அசைவுதான் இது. அவர் கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பினார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சிந்தனை, சொல், செயல் என்று அடுக்கிவிட்டு "கடமையில் தவறியதாலும்" என்று ஒரு சொல் வரும். செய்யாமல் விட்டதும் பாவம் என்று சொல்லும் அந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு வாரமும் ஏதாவது உறைக்கும். போய்ப் பார்க்காத நோயாளி, எடுக்காமல் விட்ட தொலைபேசி அழைப்பு.

இது குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பதில் ஆகாது. கனமான பாவம் இருந்தால் அந்த ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

முதல் இரண்டு வாசகத்துக்கு உட்கார்ந்திருக்கிறோம். நற்செய்திக்கு மட்டும் ஏன் எழுந்து நிற்கிறோம், மூன்று சிலுவை ஏன்?

எல்லா வாசகமும் இறைவார்த்தைதான். நற்செய்தியில் ஆண்டவரே வந்து பேசுகிறார் என்பதால் எழுந்து நிற்கிறோம், வீட்டுக்குப் பெரியவர் வந்தால் எழுவது போல. நிற்பது உயிர்ப்பின் அடையாளமும்கூட. 325-இல் ஆயர்கள் கூடிய நீசேயா பொதுச்சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் முழந்தாளிடாமல் நின்று செபிக்க வேண்டும் என்றே ஒழுங்கு வகுத்தது. நெற்றியில், உதட்டில், நெஞ்சில் போடும் மூன்று சிறு சிலுவைகளுக்குப் பொருள் இது: கேட்கும் வார்த்தை அறிவில் பதியட்டும், வாயால் அறிவிக்கப்படட்டும், உள்ளத்தில் தங்கட்டும்.

குருவானவர் திராட்சை இரசத்தில் ஏன் தண்ணீர் சேர்க்கிறார்? இரசம் காரமாக இருக்கும் என்பதாலா?

திருப்பலியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. யாரும் கவனிப்பதில்லை, காணிக்கைப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சிறுவயதில் பீடச்சிறுவனாக நின்றபோது தண்ணீர்க் குப்பியை நீட்டியவன் நான். குருவானவர் குப்பியைச் சாய்ப்பார். ஒரு துளி விளிம்பில் திரளும், நடுங்கும், கிண்ணத்துக்குள் விழும். எட்டிப் பார்ப்பேன். கருஞ்சிவப்பான இரசம் மட்டும் இருக்கும், தண்ணீர் எங்கே என்று தெரியாது. குருவானவர் உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுப்பார். அந்தச் செபத்தின் பொருள் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது: நம் மனித இயல்பில் பங்குகொண்ட கிறிஸ்துவின் இறை இயல்பில் நாமும் பங்குபெற வேண்டும் என்பதே அது.

இரசத்தில் தண்ணீர் கலந்து குடிப்பது அந்தக் காலத்து மத்தியதரைக் கடல் நாடுகளின் சாதாரணப் பழக்கம். ஆனால் திருச்சபை அதில் வேறொன்றைக் கண்டது. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்து 258-இல் நம்பிக்கைக்காக உயிர்கொடுத்து மறைச்சாட்சியான புனித சிப்ரியான் அதை விளக்கி எழுதினார். இரசம் கிறிஸ்து, தண்ணீர் மக்கள். இரசம் மட்டும் இருந்தால் நாம் இல்லாத கிறிஸ்து, தண்ணீர் மட்டும் இருந்தால் கிறிஸ்து இல்லாத மக்கள். கலந்துவிட்ட பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. சிலுவையில் ஆண்டவரின் விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீரும் வழிந்ததையும் இதனோடு சேர்த்துத் தியானிப்பவர்கள் உண்டு.

ஆகவே அந்தத் துளி விழும்போது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள். அந்த வாரத்து உழைப்பு, கடன், பிள்ளையின் காய்ச்சல், எல்லாவற்றையும் துளியோடு உள்ளே போடுங்கள். சற்று நேரத்தில் குருவானவர் நம்மைப் பார்த்து "என்னுடையதும் உங்களுடையதுமான இப்பலி" என்கிறார். 'உங்களுடையது' என்பது வெறும் மரியாதைச் சொல் இல்லை. நீங்கள் ஏற்கெனவே கிண்ணத்துக்குள் இருக்கிறீர்கள்.

அப்புறம் கையைக் கழுவுகிறாரே, அதுவும் அடையாளமா?

ஆம். முற்காலத்தில் மக்கள் கொண்டுவந்த காணிக்கைப் பொருள்களை வாங்கிய கைக்கு அது தேவையாகவும் இருந்தது. இன்று அது உள்ளத்தூய்மைக்கான மன்றாட்டு. அப்போது குருவானவர் மெதுவாகச் சொல்வது 51-ஆம் திருப்பாடலின் கருத்து.

ஆரத்தி எடுப்பது இந்துக்கள் வழக்கம்தானே? நம் கோயிலில் அது ஏன்?

தூபத்திலிருந்து தொடங்குகிறேன். "என் மன்றாட்டு தூபம்போல் எழட்டும்" என்று 141-ஆம் திருப்பாடல் பாடுகிறது. எருசலேம் கோயிலில் தூபம் இருந்தது. ஆனாலும் முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்கள் அதைத் தவிர்த்தார்கள், ஏனென்றால் உரோமைப் பேரரசனுக்கும் தெய்வங்களுக்கும் தூபமிட மறுத்ததற்காகவே பலர் கொல்லப்பட்டார்கள். வேதகலாபனை ஓய்ந்த பிறகு அதே தூபம் கிறிஸ்துவின் பீடத்துக்கு வந்தது. யாருக்குக் காட்டுகிறோம் என்பதுதான் பொருளைத் தீர்மானித்தது.

ஆரத்தியும் அப்படித்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பின், நம் நாட்டு வழக்கங்களை வழிபாட்டில் சேர்க்க இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு தழுவல்களுக்கு 1969-இல் உரோமை ஒப்புதல் தந்தது. ஆரத்தி, எண்ணெய் விளக்கு, கைகூப்பி வணங்குவது, முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். நம் மண்ணில் அன்புக்கும் வணக்கத்துக்கும் உரியவரை விளக்கும் மலரும் கொண்டு வரவேற்கிறோம். "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது தட்டில் சுடர் சுழல்வதைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அதை நாட்டியமாக்கி நீட்டுவதுதான் எனக்குப் பிடிக்காது. சுடர் ஆண்டவரைக் காட்ட வேண்டும், பிடித்திருக்கும் கையை அல்ல.

எழுந்தேற்றத்தில், அதாவது அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது, மணி அடிப்பது எதற்கு? அப்போது தலையைக் குனிய வேண்டுமா, பார்க்க வேண்டுமா?

பாருங்கள், பார்ப்பதற்காகத்தான் உயர்த்துகிறார். அப்பத்தை இப்படி உயர்த்தும் வழக்கம் 1200-ஐ ஒட்டிப் பாரிஸ் பகுதியில் தொடங்கிப் பரவியது. அன்று பூசை இலத்தீனில், தாழ்ந்த குரலில், குருவானவர் பீடத்தை நோக்கி நின்றபடி நடந்தது. என்ன நடக்கிறது என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. மணிதான் அவர்களுக்குச் செய்தி சொன்னது. உயர்த்தும்போது கண்ணெடுத்துப் பார்த்து, உயிர்த்த ஆண்டவரைக் கண்ட தோமா சொன்னதை மனத்துக்குள் சொல்லுங்கள்: "என் ஆண்டவரே, என் கடவுளே!" குருவானவர் முழந்தாளிடும்போது தலை வணங்குங்கள்.

அதற்கு முன் இன்னொரு மணி கேட்கும். அப்போது குருவானவர் காணிக்கைகள்மேல் இரு கைகளையும் விரித்துத் தூய ஆவியார் இறங்கி வர வேண்டுகிறார். மரியாவின்மேல் நிழலிட்ட அதே ஆவியார்.

இயேசு ஒரே தடவை இறந்தார் என்று எபிரேயர் திருமுகம் சொல்கிறது. நீங்கள் தினமும் அவரைப் பலியிடுகிறீர்களே என்று வேறு சபை நண்பர் கேட்கிறார். என்ன சொல்வது?

அவர் காட்டும் வசனம் சரி என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். சிலுவையில் நடந்த கல்வாரிப் பலி ஒன்றே ஒன்று. அதோடு எதையும் கூட்ட முடியாது. திருப்பலி இரண்டாவது பலி அல்ல, அந்த ஒரே பலி நம் முன் வருவது.

"இதை என் நினைவாகச் செய்யுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது பாஸ்கா விருந்தில். இன்றும் யூதர்கள் பாஸ்கா இரவில், எகிப்திலிருந்து தாங்களே வெளியேறியதாக எண்ணிக்கொள்கிறார்கள். விவிலியத்தில் நினைவுகூர்தல் என்றால் பழைய புகைப்படத்தைப் பார்ப்பது அல்ல, அந்த நிகழ்வுக்குள் நுழைவது. கிண்ணத்தில் விழுந்த துளியைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? கிறிஸ்து மீண்டும் சாவதில்லை. அவருடைய ஒரே பலிக்குள் இந்த வாரத்து நாம் சேர்க்கப்படுகிறோம். நண்பரிடம் இதைச் சண்டையாக்காமல் சொல்லுங்கள்.

சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நான் பேசாத ஆள் நிற்கிறார். கைகூப்பினால் நடிப்பு, கூப்பாவிட்டால் பாவம். என்ன செய்ய?

சொத்துத் தகராறில் ஆறு வருடம் முகம் பாராத அண்ணன் தம்பி ஒரே வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அன்று தம்பி கைகூப்பவில்லை, கண்ணை மட்டும் ஒரு நொடி உயர்த்தினான். அது போதும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தொடக்கம்.

"கிறிஸ்துவின் சமாதானம்" என்றுதான் சொல்கிறோம். அது உங்கள் மனத்தில் ஊறியதாக இருக்க வேண்டியதில்லை, பீடத்திலிருந்து வாங்கிக் கொடுக்கிறீர்கள். எனவே அது நடிப்பு ஆகாது. ஆனால் மத்தேயு 5-இல் ஆண்டவர் தெளிவாகச் சொல்கிறார்: காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உறவைச் சரிசெய். கோயிலில் கூப்பிய கை அந்த வாரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

அப்பத்தில் சின்னத் துண்டை உடைத்துக் கிண்ணத்தில் போடுகிறாரே, அது என்ன?

உடலும் இரத்தமும் சேர்வது உயிருள்ள, உயிர்த்த ஆண்டவரைக் குறிக்கிறது. இதன் வேர்களில் ஒன்று உரோமை நகரின் பழைய வழக்கம். ஞாயிறு அன்று திருத்தந்தை தம் பலியின் அப்பத்துண்டை நகரின் மற்றக் கோயில்களுக்கு அனுப்புவார், அங்கே குருக்கள் அதைத் தங்கள் கிண்ணத்தில் இடுவார்கள். 416-இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் எழுதிய கடிதத்தில் இந்த வழக்கம் பேசப்படுகிறது. கோயில்கள் பல, பலி ஒன்று.

"நான் தகுதியற்றவன்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே வரிசையில் போய் நற்கருணை வாங்குகிறோம். முரணாக இல்லையா?

அந்தச் சொல் ஒரு படைத்தலைவருடையது. மத்தேயு 8-இல், தன் ஊழியனைக் குணமாக்கும்படி கேட்டு வந்த உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர், "ஐயா, என் வீட்டுக்குள் நீர் வர நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை சொல்லும்" என்றார். அதைக் கேட்டு இயேசு வியந்தார். நாம் அந்த ஆளின் வாய்ச்சொல்லை வாங்கி, 'ஊழியன்' இருந்த இடத்தில் 'ஆன்மா'வை வைத்துச் சொல்கிறோம். தகுதி வந்தபின் வருகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. பாவ அறிக்கையில் தொடங்கிய 'நான்' இங்கே வந்து நம்பிக்கையாகிறது.

ஆனால் இது கனமான பாவத்தோடு வாங்குவதற்கு அனுமதி அல்ல, அதை மேலே சொல்லியிருக்கிறேன். நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேர உபவாசமும் உண்டு. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. முதியோர், நோயாளர், அவர்களைக் கவனிப்பவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

என் கணவர் இந்து. என்னோடு ஆசையாகப் பூசைக்கு வருகிறார். நற்கருணை நேரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

உங்கள் வலி எனக்குப் புரிகிறது. "கிறிஸ்துவின் திருவுடல்" என்று குருவானவர் சொல்லும்போது நாம் சொல்லும் ஆமென், அப்பத்துக்கு மட்டுமான ஆமென் அல்ல. திருமுழுக்கு, நம்பிக்கை அறிக்கை, திருச்சபை, எல்லாவற்றுக்கும் போடும் கையொப்பம். அவர் மனத்தால் போடாத கையொப்பத்தை அவரிடம் வாங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அதற்காக அவர் வெளியாள் இல்லை. திருப்பலியின் மையச் செபத்தின் ஒரு வடிவமான நான்காம் நற்கருணை மன்றாட்டில், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடும் எல்லாருக்காகவும் திருச்சபை மன்றாடுகிறது. நீங்கள் நற்கருணை வாங்கித் திரும்பியதும் அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் பெயரைச் சொல்லிச் செபியுங்கள்.

குருவானவரின் நடத்தை சரியில்லை என்று தெரிந்தால், அவர் வைக்கும் பூசை செல்லுமா?

செல்லும். பழங்காலத்து ஆயரான புனித அகுஸ்தீன் இதற்கு ஓர் உவமை சொன்னார்: கல்லால் கட்டிய வாய்க்காலில் எதுவும் முளைக்காது, ஆனாலும் அதன் வழியாகப் போகும் தண்ணீர் தோட்டத்தை விளைவிக்கும். வயலுக்கு மடை திறந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலியை நிறைவேற்றுபவர் கிறிஸ்துவே.

இதைச் சாக்காக வைத்துத் தவற்றை மூடக் கூடாது. யாருக்காவது தீங்கு நடந்திருந்தால் ஆயரிடமும், குற்றம் என்றால் காவல்துறையிடமும் சொல்ல வேண்டும். அருட்சாதனம் செல்லும் என்பது ஒரு பேச்சு, நியாயம் வேறு பேச்சு.

இறந்தவர்களுக்குப் பூசை வைக்கப் பணம் கொடுக்கிறோம். பணம் உள்ளவன் ஆன்மா சீக்கிரம் மோட்சம் போகுமா?

போகாது. திருப்பலிக்கு விலை இல்லை, கொடுப்பது காணிக்கை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இதில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாள்களில், ஒரு குருவானவர் ஒரே நாளில் எத்தனை பலி நிறைவேற்றினாலும் ஒன்றின் காணிக்கையைத்தான் தனக்கென வைத்துக்கொள்ளலாம். காணிக்கை தர முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் பலி ஒப்புக்கொடுக்கும்படி அதே சட்டம் குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. கையில் காசில்லை என்றால் தயங்காமல் போய்ச் சொல்லுங்கள்.

காணிக்கையின் வேர் பழையது. 155-ஐ ஒட்டி உரோமையில் வாழ்ந்த புனித ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டை விவரித்து எழுதியிருக்கிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் தண்ணீர் கலந்த இரசமும், மக்கள் சொல்லும் ஆமென் என்று நம் பூசையின் எலும்புக்கூடு அப்படியே அதில் இருக்கிறது. சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் சிறையில் இருப்போருக்கும் போனது என்றும் எழுதுகிறார். இறந்தவர் பெயரால் பூசை வைக்கும் நாளில் ஓர் ஏழைக்குச் சோறு போடும் நம் வழக்கம் அந்த வழியில் வந்ததாகவே நான் பார்க்கிறேன்.

எதுவரைக்கும் வந்துவிட்டால் பூசை கண்டதாகக் கணக்கு?

பஸ் தவறியோ பிள்ளை அழுதோ தாமதமானால் ஆண்டவருக்குத் தெரியும். கணக்குப் பார்த்து வருபவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: கல்யாண வீட்டுக்குப் பந்தி நேரத்துக்கு மட்டும் போனால் பெண் வீட்டார் மனம் என்ன நினைக்கும்?

அம்மா படுத்த படுக்கை. டிவியில் பூசை பார்க்கிறார். அது போதுமா?

ஞாயிறு பூசை காணும் கடமை நோயாளிக்குக் கட்டாயமில்லை. அதனால் அம்மாவுக்குக் குற்ற உணர்வு வேண்டாம். டிவியில் பார்த்துச் செபிப்பது நல்லது, ஆனால் திரையிலிருந்து நற்கருணை கைக்கு வராது. பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள். வழிபாட்டுக்கு வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோனார்கள் என்று மேலே சொன்ன ஜஸ்டினே எழுதியிருக்கிறார். அன்றே இருந்த வழக்கம் இது. தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நினைக்காதீர்கள்.

கட்டிலருகே ஒரு ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் (இயேசு தொங்கும் சிலுவை) மெழுகுவர்த்தியும் வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரும் ஸ்பூனும் இருக்கட்டும். விழுங்கச் சிரமம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிறு துண்டு கொடுப்பார்கள். அதிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். டிவியை அணைத்துவிடுங்கள். "ஆமென்" சொல்ல அம்மாவுக்குக் குரல் எழாவிட்டால், கையைப் பிடித்துக்கொண்டு அவருக்காக நீங்கள் சொல்லுங்கள்.